டெத் வேலியில் ஒரு பகல், ஓர் இரவு

(நம் குடியிருப்பின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"அமெரிக்கா போய் வந்ததைப் பற்றி ஒரு இருபது நிமிஷம் பேசுங்கள்" என்று செயலாளர் சொன்னார். இந்த ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர்கள்தான். நயாகராவும் கோல்டன் கேட் பாலமும் உங்கள் எல்லோர் போனிலும் இருக்கின்றன. அதனால் அந்தப் பயணத்தில் ஒரே ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கலிபோர்னியாவில், நெவாடா எல்லையை ஒட்டி இருக்கும் டெத் வேலி தேசியப் பூங்காவில், ஆர்.வி. வண்டியில் தங்கிக் கழித்த ஒரு மார்ச் மாத நாள். நம் குடியிருப்பிலிருந்து இரண்டு குடும்பங்கள் வருகிற குளிர்காலத்தில் அங்கே போகப்போவதாக லிஃப்டில் சொன்னார்கள். அவர்களுக்கு உபயோகப்படும், மற்றவர்களுக்கு கேட்க நன்றாயிருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஆர்.வி. என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் வேன் அளவு இருக்கும், உள்ளே ஒரு வீடே இருக்கும். படுக்கை, இரண்டு பர்னர் அடுப்பு, ஃபிரிட்ஜ், சின்ன பாத்ரூம், சாப்பாட்டு மேஜை. ராத்திரி மேஜையை இறக்கினால் அதுவும் படுக்கை. நாங்கள் ஐந்து பேர்: மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி, என் கணவர், நான். வாடகை வண்டி, 24 அடி நீளம். இந்த 24 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலைக்கு வரும்.

அந்த வண்டியில் ஏறியதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது நம்ம மெயின்டனன்ஸ் கமிட்டிதான். ஏனென்றால் அது சக்கரம் வைத்த ஒரு அபார்ட்மென்ட். கீழே மூன்று தொட்டிகள். ஒன்று நல்ல தண்ணீர், எங்கள் வண்டியில் சுமார் 150 லிட்டர். இரண்டாவது, பாத்திரம் கழுவியது, குளித்தது எல்லாம் போய்ச் சேரும் தொட்டி. அதற்கு 'கிரே' என்று பெயர். மூன்றாவது கழிப்பறைத் தொட்டி, 'பிளாக்'. சுவரில் ஒரு சின்னப் பலகை இருக்கும். பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு தொட்டியும் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று விளக்கு எரியும். நம்ம சம்ப்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? அங்கே என் பேத்திக்குக் கூட அத்துப்படி. "பாட்டி, கிரே மூணில் ரெண்டு ஆயாச்சு" என்று காலையில் செய்தி வாசிப்பது போல வாசிப்பாள்.

நம் நாட்டில் நகரத்துக் குடிநீர்த் திட்டம் போடும்போது ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். எங்களுக்கு ஐந்து பேருக்கு, இரண்டு நாளைக்கு, 150 லிட்டர். முகாமில் நல்ல தண்ணீர்க் குழாய் உண்டு, தாகத்தில் சாகமாட்டோம். ஆனால் தொட்டியை நிரப்ப வேண்டுமென்றால் பிரித்து வைத்ததை எல்லாம் மடித்து, வண்டியைக் கிளப்பி, வரிசையில் நிற்க வேண்டும். அதைவிட முக்கியம், நல்ல தண்ணீர் எவ்வளவு உள்ளே வருகிறதோ அவ்வளவும் அழுக்குத் தண்ணீராக இன்னொரு தொட்டியில் நிற்கும். அது நிரம்பிவிட்டால் குழாயைத் திறக்கவே முடியாது.

நம்ம சமையலுக்கு இது சோதனைதான். சாம்பார் ஊற்றிய தட்டை நேராகக் கழுவினால் தொட்டி நாறும். பேப்பர் டவலால் துடைத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும். இட்லி பரவாயில்லை, கொஞ்சம் தண்ணீரில் வெந்துவிடும். அரிசி களைந்த தண்ணீரைப் பாத்திரம் அலசப் பிடித்து வைத்தோம். குளியல் என்பது நனைத்துக்கொள், குழாயை மூடு, சோப்புப் போடு, திற, மூடு. கழிப்பறையில் மக் பழக்கம் உள்ளவர்கள் ஒரு பிழியும் பாட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூச்சப்படாமல் சொல்கிறேன், யாரும் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை. தொட்டிகளைக் காலி செய்ய முகாமின் ஒரு மூலையில் இடம் இருக்கிறது. மகன் கையுறை மாட்டிக்கொண்டு குழாயைப் பொருத்தி அந்த வேலையைச் செய்ததைப் பார்த்த பிறகு, நம்ம எஸ்.டி.பி.யில் வேலை செய்கிற தம்பிக்கு தீபாவளி இனாம் கூட்டித் தர வேண்டும் என்று என் கணவர் சொன்னார். தந்தும்விட்டார்.

இன்னொரு விஷயம், மின்சாரம். நாங்கள் தங்கிய சன்செட் முகாமில் பிளக் கிடையாது. சரளைக்கல் பரப்பிய பெரிய மைதானம், கோடு போட்ட இடங்கள், அவ்வளவுதான். ஜெனரேட்டர் காலை ஏழு மணி முதல் மாலை ஏழு மணி வரை மட்டும் ஓட்டலாம். ஆகவே மிக்ஸி ஏழுக்குள். விடியற்காலையில் கிளம்ப வேண்டியிருந்ததால் தேங்காய்ச் சட்னியை முந்தின நாள் மாலை ஆறே முக்காலுக்கு அரைத்து வைத்தேன். சூரியன் இறங்குகிற அழகை எல்லோரும் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பக்கத்து வண்டி அமெரிக்கர் ஒரு மாதிரி பார்த்தார். சட்டப்படி எனக்குப் பதினைந்து நிமிஷம் பாக்கி இருந்தது.

சரி, இடத்துக்கு வருவோம். நான் முப்பது வருஷம் புவியியல் நடத்தியவள், கொஞ்சம் பாடம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அந்தப் பள்ளத்தாக்கை அடைவதற்குள் நான்கு மலைத்தொடர்களைத் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் மழையை இறக்கிவிட்டு வெறும் கையோடு வந்து சேரும். கேரளாவில் கொட்டிவிட்டு நம் பக்கம் காய்ந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றின் கதைதான், ஆனால் நான்கு மடங்கு. அங்கே வருஷத்துக்கு மொத்தமே சுமார் 5 சென்டிமீட்டர் மழை. சென்னையில் 140. அடுத்தது, ஆழம். பேட்வாட்டர் என்ற இடம் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. வட அமெரிக்காவிலேயே தாழ்ந்த தரை அதுதான். நம்ம பிளாக் ஒன்பது மாடி, ஏறக்குறைய 28 மீட்டர். அதில் மூன்றை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால், மேல் பிளாக்கின் மொட்டை மாடியில் காலை நனைக்கிற உயரத்தில் கடல். அவ்வளவு ஆழத்தில், இரண்டு பக்கமும் உயர்ந்த மலைச் சுவர்களுக்கு நடுவே, சூடான காற்று மேலே எழும், ஆறும், கீழே இறங்கும்போது அழுத்தத்தில் மறுபடி சூடாகும். வெளியேற வழியில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 1913 ஜூலை 10 அன்று அங்கே பதிவான 56.7 டிகிரிதான் உலகத்தின் அதிகபட்ச வெப்பநிலை என்று உலக வானிலை அமைப்பின் ஏட்டில் இருக்கிறது. அந்த அளவை நம்பாத ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் 2020, 2021 இரண்டு வருஷமும் 54.4 வந்ததைப் பார்த்தால் இந்த இரண்டு டிகிரிச் சண்டையில் நமக்கு என்ன லாபம்?

அதனால் சொல்கிறேன். மே முதல் செப்டம்பர் வரை அங்கே "போகலாம் வா" என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். பெரும்பாலும் நம்மவர்கள் பேரப்பிள்ளைகளின் கோடை விடுமுறையை ஒட்டித்தான் அமெரிக்கா போகிறோம். அந்த ஜூன், ஜூலை மாதங்களில் பள்ளத்தாக்கின் தரைமட்டத்தில் காலை பத்து மணிக்குப் பிறகு நடக்கவே வேண்டாம் என்று பூங்காவே எழுதி வைத்திருக்கிறது. மிகவும் சூடான காற்றில் ஹெலிகாப்டர் சரியாக எழும்பாது, ஆகவே மீட்க வருவதும் சந்தேகம். பாதிப் பூங்காவில் போன் சிக்னல் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் நெவாடா பக்கம் பாரம்ப் என்ற ஊருக்குப் போக வேண்டும், சுமார் 100 கிலோமீட்டர். நவம்பர் முதல் மார்ச் வரைதான் நம் வயதுக்காரர்களுக்கான காலம். நாங்கள் போன அன்று பகலில் 29 டிகிரி. நம்ம மார்கழிப் பகல்தான். ஆனால் வியர்வையே தெரியாது. தோலை விட்டு வரும்போதே காய்ந்துவிடுகிறது, உடம்பிலிருந்து தண்ணீர் போவது தெரியாமல் போகும். இதுதான் அங்கே உள்ள பெரிய ஆபத்து. ஓர் ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர் என்பது பூங்காக்காரர்கள் சொல்கிற கணக்கு. தாகம் எடுக்கிறதோ இல்லையோ குடிக்க வேண்டும். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் புறப்படும் முன்பே டாக்டரிடம் இந்த மாதிரி இடத்துக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். சில பிரஷர் மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டும். என் கணவருக்கு இன்சுலின். வண்டியில் ஃபிரிட்ஜ் இருந்ததால்தான் இந்தப் பயணத்துக்கே அவர் தலையாட்டினார்.

அன்றைக்கு ஆறேகாலுக்குக் கிளம்பினோம். கிளம்புமுன் ஒவ்வொரு அலமாரியையும் தாழ் போட்டாயிற்றா என்று பார்ப்பது பேத்தியின் வேலை. ஊறுகாய் பாட்டில் துண்டில் சுற்றப்பட்டு என் மடியில் வரும்.

ஏழு மணிக்கு ஜாப்ரிஸ்கி பாயின்ட். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஒரு சின்ன ஏற்றம், தார் போட்டது, மெதுவாக நடந்தால் யாரும் ஏறலாம். என் கணவரும் ஏறினார். எதிரே மஞ்சள் மண் குன்றுகள், புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக. சில மில்லியன் வருஷங்களுக்கு முன் அங்கே இருந்த ஒரு ஏரியின் அடிச்சேறுதான் அது. வெளிச்சம் முதலில் நம் மேல் விழாது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், பனி மூடிய பானமின்ட் மலை உச்சியில் விழுந்து, மெள்ள மெள்ளக் கீழே இறங்கி வரும். அந்த மலையின் உச்சி 3,368 மீட்டர். நம் தொட்டபெட்டாவை விட 700 மீட்டருக்கு மேல் உயரம். அங்கே பனி, கீழே உப்புப் பாலைவனம், இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். நிறையப் பேர் முக்காலி வைத்துப் படம் எடுக்கிறார்கள். படத்தில் அது பாதி கூட வராது.

எட்டேகாலுக்கு கோல்டன் கேன்யன் வாசல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இது இரண்டு மண் சுவர்களுக்கு நடுவே போகிற பாதை. முன்பு இதற்குள் தார்ச்சாலையே இருந்தது. 1976-இல் ஒரு வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கும் தார்த் துண்டுகள் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பாலைவனத்தில் வெள்ளமா என்று கேட்பீர்கள். அங்கே தரை குடிக்காது. காய்ந்து இறுகிய மண், செடி கொடி இல்லை, விழுந்த மழை அப்படியே ஓடும். 2023 ஆகஸ்ட் 20 அன்று, ஹிலரி புயலின் மிச்சம் வந்தபோது ஒரே நாளில் 56 மில்லிமீட்டர் பெய்தது. நம்ம ஊரில் ஐப்பசியில் அது ஒரு சாதாரண நாள், பள்ளிக்கூடத்துக்கு லீவு கூட யோசித்துத்தான் விடுவார்கள். அங்கே அது ஒரு வருஷ மழை. சாலைகள் பிய்ந்து, பூங்காவே இரண்டு மாதம் மூடிக் கிடந்தது. காய்ந்துபோன பழைய ஏரி ஒன்று திரும்பி வந்து, அடுத்த வருஷத் தொடக்கத்தில் அந்தப் பள்ளத்தில் சிலர் துடுப்புப் போட்டுப் படகு விட்டார்கள். நம்ம குடியிருப்பைச் சுற்றிலும் சிமென்ட் போட்டு மெழுகியிருக்கிறோமே, அதுவும் குடிக்காத தரைதான். இது அடுத்த பொதுக்குழுவில் பேச வேண்டிய விஷயம், இப்போது வேண்டாம்.

கேன்யன் உள்ளே ரெட் கதீட்ரல் என்று ஒரு சிவப்புப் பாறைச் சுவர் இருக்கிறது. போய்வர சுமார் ஐந்து கிலோமீட்டர். என் கணவர் வரவில்லை, முழங்கால். வண்டியிலேயே இருந்துகொண்டார். போன் வேலை செய்யாத இடம் என்பதால் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தோம்: எந்தப் பாதை, எத்தனை பேர், திரும்பும் நேரம் பத்தே முக்கால், பதினொன்றரை வரை வராவிட்டால் யாரிடம் சொல்வது. பழைய காலத்து முறை. இதைவிட நல்ல செயலி எதுவும் அங்கே கிடையாது. நாங்கள் நான்கு பேர், ஏழு லிட்டர் தண்ணீர், கடலை மிட்டாய், நாலு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், என் கருப்புக் குடை. குடையைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். ஒன்பது மணிக்கு மேல் அதே ஆட்கள் என் குடையை வேறு மாதிரி பார்த்தார்கள்.

புறப்படும்போதே ஒரு பேச்சு வைத்துக்கொண்டோம். தண்ணீர் பாதி தீர்ந்தால், எங்கே நின்றாலும் திரும்புவது. அல்லது ஒன்பதரை மணி. எது முதலில் வருகிறதோ அது.

முதல் ஒன்றரை கிலோமீட்டர் சுகமான நடை. லேசான ஏற்றம், காலடியில் பொடிக்கல். சுவர்கள் வெளிர் மஞ்சளிலிருந்து கடுகு நிறத்துக்குப் போகும். பிறகு பாதை குறுகும். பாறைகளுக்கு நடுவே குனிந்து, கையை ஊன்றி, சில இடத்தில் உட்கார்ந்து நகர வேண்டும். எதிரே அந்தச் சிவப்புச் சுவர் வெளிச்சத்தில் நிற்கிறது. இரும்புத் துரு ஏறிய சிவப்பு. செம்மண் பூசிய கோவில் மதில் மாதிரி. அடிவாரத்துக்கு இன்னும் இருநூறு மீட்டர் இருக்கும். மருமகள் பையைத் தூக்கிப் பார்த்து, "அத்தை, மூன்றரை லிட்டர்தான் இருக்கு" என்றாள். மணி ஒன்பது இருபது.

மகன் சொன்னான், "அம்மா, இன்னும் பத்து நிமிஷம்தாம்மா. மேலே ஏறினால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும்." பேத்தி ஏற்கெனவே அடுத்த பாறையில் ஏறி நிற்கிறாள். எனக்கும் ஆசைதான். பத்தாயிரம் மைல் தாண்டி வந்து இருநூறு மீட்டரை விட்டுவிட்டுப் போவதா? ஆனால் பேச்சு பேச்சுதானே. பத்து நிமிஷம் என்பது ஏறுவதற்கு. இறங்க, என் காலுக்கு, இருபது. "திரும்பலாம்" என்றேன். பேத்திக்குக் கண் கலங்கிவிட்டது. மகன் ஒன்றும் சொல்லவில்லை, அது அவன் கோபம்.

பாதி வழி இறங்கியபோது பாறை நிழலில் ஒரு வயதான தம்பதி. ஐரோப்பியர்கள், எழுபது இருக்கும். அவர் உட்கார்ந்திருக்கிறார், முகம் வெளிறி, உதடு காய்ந்து. அந்த அம்மா கையில் அரை லிட்டர் பாட்டில், காலி. தலை சுற்றுகிறது என்கிறார், ஆனால் எழுந்து நடந்துவிடலாம் என்றும் சொல்கிறார். வியர்வை தெரியாத ஊர் என்று சொன்னேன் அல்லவா, அவருக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு லிட்டரில் ஓ.ஆர்.எஸ். கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். மருமகள் அவர் கழுத்தில் ஈரத்துண்டு போட்டாள். நான் குடையைப் பிடித்தேன். இருபது நிமிஷம் கழித்து அவர் முகத்தில் நிறம் வந்தது. மகன் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வாசலுக்கு வந்தார். நல்லவேளை, அவர்கள் கார் பக்கத்திலேயே இருந்தது. அந்த அம்மாவே ஓட்டினார், மகன் இன்னொரு இரண்டு லிட்டர் பாட்டிலை வண்டியிலிருந்து எடுத்து அவர்கள் சீட்டில் வைத்தான்.

நாங்கள் வெளியே வந்தபோது மணி பதினொன்று ஐந்து. என் கணவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றுகொண்டிருந்தார். "இன்னும் இருபத்தைந்து நிமிஷம் பாக்கி இருந்தது, அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை" என்றார்.

சாப்பாடு, புளியோதரை. அரை மணி படுத்துவிட்டு பேட்வாட்டர் போனோம். சாலையை ஒட்டியே வண்டி நிறுத்தலாம். ஒரு சின்னக் குட்டை, அதைத் தாண்டி வெள்ளை வெளேரென்று உப்பு. ஒரு நில அளவையாளரின் கோவேறு கழுதை அந்தத் தண்ணீரைக் குடிக்க மறுத்ததால் அந்தப் பெயர் வந்தது என்று கதை. விஷமில்லை, உப்பு அதிகம், அவ்வளவுதான். ஏறக்குறைய 500 சதுர கிலோமீட்டர் உப்பு. மலைகளிலிருந்து தண்ணீர் கனிமங்களைக் கரைத்துக்கொண்டு வரும், கடலுக்குப் போக வழியில்லை, ஆவியாகும், உப்பு தங்கும். வேதாரண்யத்தில் மனிதன் பாத்தி கட்டிச் செய்வதை அங்கே வெயில் தானாகச் செய்துகொண்டிருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே நடந்தால் அறுகோணம் மாதிரி உப்பு வரப்புகள், கோலம் போட்டது போல. திரும்பிப் பார்த்தால் மலைச் சுவரில் மிக மிக உயரத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை: 'கடல் மட்டம்' என்று எழுதியிருக்கிறது. பேத்தி அதைப் பார்த்ததும் காலையில் விட்ட பாறையை மறந்துவிட்டாள். என் கணவர் அங்கே அரை கிலோமீட்டர் நடந்தார். சமதரை, ஆனால் நிழல் என்பது ஒரு பொட்டுக்கூட இல்லை.

திரும்பும் வழியில் ஆர்டிஸ்ட் டிரைவ் என்று 14 கிலோமீட்டர் ஒருவழிச் சாலை. மலைச் சரிவில் இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தட்டில் குழைத்த மாதிரி நிறங்கள். இரும்பும் மற்ற கனிமங்களும் காற்றும் நீரும் பட்டு மாறிய நிறம். 25 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. வாடகைக்கு எடுக்கும்போதே மகன் டேப் வைத்து அளந்தான், 24. டான்ட்டேஸ் வியூ என்ற உச்சிக்கும் இதே அளவுதான் கட்டுப்பாடு. பெரிய வண்டி வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால் இதைச் சொல்லுங்கள்.

மாலையில் ஹார்மனி போராக்ஸ் ஒர்க்ஸ். போராக்ஸ் என்றால் நம்ம வெங்காரம். தட்டான் பற்ற வைக்கப் பயன்படுத்துவாரே, அதுதான். கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடரும் இந்த வம்சம். 1883 முதல் 1888 வரை அங்கே அதைக் காய்ச்சி எடுத்தார்கள். பாலைவனத்தில் குனிந்து சுரண்டிச் சேர்த்தவர்கள் சீனத் தொழிலாளிகள். எடுத்ததை 265 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ரயிலடிக்குக் கொண்டுபோனவை கோவேறு கழுதைகள். '20 கழுதை வண்டி' என்று பெயர். உண்மையில் 18 கழுதை, 2 குதிரை. இரண்டு பெரிய மர வண்டி, அவற்றின் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, சுமார் 4,500 லிட்டர். நம்ம கேட்டுக்கு வருகிற சின்ன டேங்கர் லாரி அளவு கூட இல்லை. அதை வைத்துக்கொண்டு அத்தனை பிராணிகளும் ஆட்களும் பத்து நாள் பயணம். கோடையில் ஆலையே ஓடாதாம், காய்ச்சிய கரைசல் ஆறினால்தானே வெங்காரம் படியும்? ஆறவே ஆறாது.

இன்னொன்று சொல்லாமல் விடக்கூடாது. 'மரணப் பள்ளத்தாக்கு' என்ற பெயர் 1849-இல் தங்கம் தேடி வந்து வழி தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் வைத்தது. அங்கேயே காலகாலமாக வாழ்கிற டிம்பிஷா ஷோஷோனி மக்களுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. அவர்களுக்கு அது வீடு. குளிர்காலத்தில் கீழே, கோடையில் மலை மேலே. மெஸ்கீட் மரத்தின் காய்களை இடித்து மாவாக்கிச் சாப்பிட்டார்கள். அந்த மரத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலத்தின் பங்காளி. 1933-இல் அரசு அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கியபோது அவர்களைக் கேட்கவில்லை. பிறகு, குடும்பங்கள் கோடைக்கு மலைக்குப் போயிருந்த சமயத்தில், காலியாக இருந்த மண் வீடுகளைப் பூங்கா நிர்வாகம் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்தது. தண்ணீரே இல்லாத ஊரில். நாம் ஆறு மாதம் பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டு வந்து பூட்டிய வீட்டைத் திறக்கிறோம் அல்லவா, நினைத்துப் பாருங்கள். சிலர் நகரவே இல்லை, அங்கேயே இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2000-இல்தான் சட்டம் போட்டு, பள்ளத்தாக்குக்குள் 300 ஏக்கருக்குச் சற்று மேல் உட்பட, நிலம் திரும்பக் கொடுத்தார்கள். அந்தக் கிராமம் இப்போதும் இருக்கிறது, மனிதர்கள் குடியிருக்கிறார்கள். வேடிக்கை பார்க்கும் இடம் என்று நினைத்து உள்ளே போய்ப் படம் எடுக்காதீர்கள்.

ராத்திரி ஏழு மணிக்கு ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. அந்த அமைதியைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்துத் தேதி வைத்திருந்தோம். இருண்ட வானத்துக்கென்றே அங்கீகாரம் பெற்ற பூங்கா அது. நாற்காலியைச் சாய்த்துப் போட்டு, போர்வை போர்த்திக்கொண்டு பார்த்தோம். மேற்கே கார்த்திகை, அதற்குச் சற்று மேலே ரோகிணி, இன்னும் மேலே சிவப்பாகத் திருவாதிரை. நட்சத்திரம் என்ன என்று அர்ச்சகர் கேட்கும்போது பேத்தி "திருவாதிரை" என்று ஒப்பிப்பாளே தவிர அதைப் பார்த்ததில்லை. "அதுவா என்னோடது? அவ்வளவு பெரிசா?" என்று மூன்று முறை கேட்டாள். கிழக்கு அடிவானத்தில் ஒரு மங்கலான வெளிச்சம் தெரிந்தது. இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற லாஸ் வேகஸ் நகரத்து விளக்குகள் என்று மகன் சொன்னான். காலைக் கோபம் போயிருந்தது.

செலவு கேட்பீர்கள். பூங்கா நுழைவு ஒரு வண்டிக்கு 30 டாலர், ஏழு நாளைக்குச் செல்லும். வண்டி வாடகை பருவத்தைப் பொறுத்து ரொம்ப மாறும், முன்பே பார்த்துவிடுங்கள். பெட்ரோலை உள்ளே போகும் முன் நிரப்பிக்கொள்ளுங்கள், உள்ளே விலை கூடுதல். பயணக் காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்குப் பணம் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முகாமில் இடம் முன்பதிவா, வந்த வரிசைப்படியா என்பது முகாமுக்கு முகாம் மாறும், பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். குடை இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

போகிற இரண்டு குடும்பத்துக்கும் ஒரு வேண்டுகோள். ரெட் கதீட்ரல் அடிவாரம் வரை யாராவது ஏறினால் அங்கிருந்து எடுத்த படத்தை எங்கள் வீட்டு நம்பருக்கு அனுப்புங்கள். பேத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இப்போது விளக்கை அணைத்தால் நாங்கள் எடுத்த படங்களைத் திரையில் போடலாம்.